முந்நூற்றிருபது மீட்டர்

ஏழு ஊராட்சிகள், ஒரே வரைபடம்.
விரித்தால் சுருண்டுகொள்ளும்.
மூலைக்கொரு காப்பிக் கோப்பை வைத்துத்தான்
போர்ச்சுகலின் இந்த வடகிழக்கு மூலையை
மேசையில் நிறுத்தி வைக்கிறேன்.

ரயில் நின்றுபோன தடம் ஒன்று,
ஆட்டுத் தடங்கள் மூன்று,
மாவு ஆலைக்குக் கழுதைகள் போன கல்பாவிய வழி ஒன்று.
எல்லாவற்றையும் கோத்து
பாறைக்குப் பாறை மஞ்சளும் சிவப்பும் பூசி
நடக்க வாருங்கள் என்று உலகத்தைக் கூப்பிடுவது
என் உத்தியோகம்.

கூட்டத்தில் ஒருவர்,
தன் மைத்துனரின் காப்பிக் கடை வாசலைத்
தொடாத பாதைக்குக் கையெழுத்து கிடையாது என்றார்.
இன்னொருவர், பேருந்து இருக்க எவன் நடப்பான் என்றார்.
பேருந்தை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது என்று
அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரிடம் கார் இருக்கிறது.
போர்ட்டோவிலிருந்து வந்த விளம்பர மடிப்பில்
ஓர் அருவி கொட்டியது.
எங்களிடம் அருவி இல்லை.
கசியும் மதகு ஒன்று உண்டு, அதுவும் கோடையில் கிடையாது.

எல்லாக் கோடுகளும் வந்து நிற்கும் இடம்
எலெவ்தேரியுவின் செஸ்ட்நட் தோப்பு.
முந்நூற்றிருபது மீட்டர்.
"வருகிறவன் கதவைத் திறப்பான்.
மூடுவதற்கும் ஆள் போடுவீர்களா?"
நான்கு முறை போனேன்.
நான்கு முறையும் பை நிறையக் காய் கொடுத்தார்,
கையெழுத்து கொடுக்கவில்லை.
வரைபடத்தில் அங்கே புள்ளிக்கோடு.

மானியம் தருகிறவர்களுக்கு எண்ணிக்கை வேண்டும்.
தோப்பின் கதவோரக் கம்பத்தில்
கடப்பவரை எண்ணும் கருவியைப் பொருத்தினேன்.
நவம்பர் முடிவில் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று!
அலுவலகத்தில் கேக் வெட்டினோம்.

பிறகு நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தேன்.
சுல்மீராவின் ஆடுகள் பதினெட்டு,
காலையும் மாலையும், முப்பது நாள்.
ஆயிரத்து எண்பது போயிற்று.
பதினொன்று நானே,
வேலை செய்கிறதா என்று முன்னால் கையை ஆட்டியவை.
மிச்சம் ஐம்பத்திரண்டு.
இரவு எட்டு நாற்பதுக்கு இருபத்தாறு,
காலை ஆறு ஐம்பதுக்கு இருபத்தாறு.
ஞாயிறு மட்டும் ஒன்றுமில்லை.

டிசம்பர் மூடுபனியில் காருக்குள் காத்திருந்தேன்.
முதலில் கைவிளக்கு வந்தது,
பிறகு ஒரு மஞ்சள் மழைக்கோட்டு,
அதற்குள் ஜெசுவீனா,
சாவ் தோமேயிலிருந்து வந்தவள்.
அடுத்த ஊர் முதியோர் இல்லத்தில் இரவுப்பணி.
கொக்கி உடைந்த கதவைத் திறந்தாள்.
தன் பச்சைக் கயிற்றால் திரும்பக் கட்டினாள்,
இரண்டு சுற்று, ஒரு முடிச்சு.
கால்வாயின் மேல் தட்டைக் கற்கள் இரண்டு.
"யார் போட்டது?"
"தெரியாது. ஒரு மழைக்குப் பிறகு இருந்தது."

என் அட்டையைப் பார்த்தாள், பெயின்ட் டப்பாவைப் பார்த்தாள்.
"இங்கே பூசாதீர்கள்.
நாய்கள் இப்போதுதான் என்னைப் பார்த்துக் குரைப்பதை விட்டன.
புதிது புதிதாக ஆள் வந்தால்
எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்."
காலணியிலிருந்த சேற்றைக் கம்பத்தில் தட்டிவிட்டு
தூங்கப் போனாள்.

எலெவ்தேரியுவிடம் கற்களைப் பற்றிக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அவற்றை எடுத்துவிடுவார் என்று தோன்றியது.

அறிக்கைப் படிவத்தில் கட்டங்கள்:
நடை, சைக்கிள், குதிரை, இதர.
இதரவில் ஐம்பத்திரண்டு என்று எழுதினேன்.
காரணம் கேட்ட கட்டத்தில், வேலைக்கு.

வரைபடம் அச்சுக்குப் போய்விட்டது, நடுவில் இடைவெளியோடு.
அதன் ஓரத்தில் என் கையால் சேர்த்த வரி:
இவ்விடத்தில் பாதை இல்லை.
பதினாறு வருட வேலையில்
தெரிந்தே நான் அச்சேற்றிய முதல் பொய்.

அடுத்த கூட்டம் செவ்வாய்க்கிழமை.
நிகழ்ச்சிநிரலில் ஏழு இனங்கள் இருந்தன.
எட்டாவதாகப் பேருந்து என்று சேர்த்திருக்கிறேன்,
காப்பிக் கடைக்கு முன்னால் வரும்படி.